காளவாசல் என்று சொல்ல வரவில்லை: 22 வயதில் திக்குவாய்க்கு என்ன வழி?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 22. மெக்கானிக்கல் கடைசி வருடம். நாலு வயதிலிருந்து எனக்குத் திக்கும்.

போன வாரம் கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வில் எங்கள் துறையில் இரண்டாவதாக வந்தேன். அடுத்தது குழு விவாதம். எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். மின்சார வண்டிகள் பற்றிய தலைப்பு. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. 'கரண்ட்' என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். 'க' தொண்டையிலேயே நின்றுவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். பக்கத்தில் இருந்தவன் அந்த இடைவெளியில் பேச்சை எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை.

என் பெயரும் 'க'வில்தான் தொடங்குகிறது. வீடு காளவாசல். பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால், கண்டக்டர் ஒவ்வொரு வரிசையாக நெருங்கி வர வர உள்ளங்கை வேர்த்துவிடும். மூன்று வருடமாக 'அரசரடி' என்று சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறேன். 'அ' எனக்கு வந்துவிடும். அரசரடியில் இறங்கி மீதித் தூரத்தை நடந்துவிடுவேன். ஏன் தாமதம் என்று அம்மா கேட்டால் வண்டி கிடைக்கவில்லை என்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தனியாக அறையில் பேசினால் திக்காது. எங்கள் நாயிடம் பேசினால் திக்காது. பாடினால் திக்காது. அதனால் அப்பா, "உனக்கு வெறும் பயம்தான், பதறாமல் மெதுவாகப் பேசு" என்கிறார். பயம்தானா? இந்த வயதுக்கு மேல் இது சரியாகுமா? இரண்டு மாதத்தில் அடுத்த கம்பெனி வருகிறது. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை (சீர்காழி)

தம்பி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா இருக்கிறது. குழந்தை சம்பந்தர் கையால் தாளம் போட்டுப் பாடுவதைப் பார்த்துச் சிவன் பொற்றாளம் கொடுத்த தலம். பொன்னில் ஓசை எழாததால் அம்பாள் அதற்கு ஓசை கொடுத்தாள். அதனால் அவளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். பேச்சு வராத பிள்ளைகளை அழைத்து வருபவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரு தடவை வந்துவிட்டுப் போ. எங்கள் பாட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாலும் நாக்கு திருந்தும் என்பார்கள். மனதை விட்டுவிடாதே.

நெல்லை24

நானும் திக்குவாய்தான். வயது 27. வசம்பு, கூழாங்கல், தேன் எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. பத்தாவது படிக்கும்போது நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிட்டார்கள். ஒரு வாரம் சாப்பிட முடியவில்லை. திக்கல் அப்படியே இருந்தது.

அப்புறம் 21 நாளில் நிரந்தரத் தீர்வு என்ற விளம்பரத்தைப் பார்த்து வெளியூரில் ஒரு முகாமில் சேர்ந்தேன். 18,000 ரூபாய். அம்மா வளையலை அடகு வைத்தார். ஒவ்வொரு அசைக்கும் தொடையில் விரலைத் தட்டி, இழுத்து இழுத்துப் பேசச் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு திக்கல்கூட இல்லை. கடைசி நாள் என்னை மேடையில் பேச வைத்து வீடியோ எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்த பத்தாவது நாள் ரேஷன் கடையில் அப்பா பெயரைச் சொல்ல முடியாமல் நின்றேன். பின்னால் வரிசை. போன் செய்து கேட்டால், "நீங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை" என்றார்கள். முகாமுக்குப் போவதற்கு முன்னால் திக்கல் மட்டும்தான் இருந்தது. வந்தபிறகு, சரியான ஒன்றை நானே கெடுத்துக்கொண்டேன் என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. 'நிரந்தரம்', 'உத்தரவாதம்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒலிப்பயிற்சி (கோவை)

நான் பேச்சுப் பயிற்சியாளர். 11 வருடமாக இதே வேலை. வைகைக்கரை, 'பயம்தானா' என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் முடிச்சு விழுந்திருப்பது அங்கேதான்.

பயத்தால் திக்கல் வருவதில்லை. திக்கித் திக்கித்தான் பயம் வருகிறது, வந்த பயம் திக்கலை இன்னும் இறுக்குகிறது. பேசும்போது மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் நூலிழை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக அசைய வேண்டும். அந்த நேரக்கணக்கை மூளை நடத்தும் விதத்தில் இருக்கும் வித்தியாசம் இது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. பாகிஸ்தானில் திக்கல் நிறைய இருந்த குடும்பங்களை ஆராய்வதில் தொடங்கி, டென்னிஸ் டிரேனா என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2010இல் இதோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை அறிவித்தது. திக்குபவர்களில் கொஞ்சம் பேரிடம்தான் அந்த மாற்றங்கள் இருக்கின்றன என்றாலும், வளர்ப்புத் தப்பு, கோழைத்தனம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் திக்கல் வந்து, பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத் தங்கிவிடுகிறது. உங்கள் கல்லூரியில் 2,000 பேர் படித்தால் இருபது பேராவது இருப்பார்கள். உங்களைப் போலவே அவர்களும் எங்கேயோ முன்கூட்டி இறங்கி நடந்துகொண்டிருப்பார்கள்.

தனியாகப் பேசும்போதும், பாடும்போதும், இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்காமல் இருப்பது எல்லா நாட்டுத் திக்குவாய்க்காரர்களுக்கும் பொதுவானது. பாட்டில் எந்தச் சொல் எப்போது வரவேண்டும் என்பதை மெட்டே நடத்திக்கொடுக்கிறது. இது பயத்துக்குச் சாட்சி இல்லை. அப்பாவிடம் இதைக் காட்டுங்கள். "மெதுவாகப் பேசு" என்று அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் காதில் அது "நீ தப்பாகப் பேசுகிறாய்" என்று விழுகிறது. சொல் வரும்வரை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி. சொல்லை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

அடுத்தது, சரியாகுமா என்பது. 22 வயதில் வேரோடு போய்விடும் என்று நேர்மையான பயிற்சியாளர் யாரும் சொல்ல மாட்டார். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. ஆனால் இறுக்கம் குறையும், எண்ணிக்கை குறையும், முக்கியமாக அது உங்கள் வாழ்க்கையில் பிடித்து வைத்திருக்கும் இடம் குறையும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

'க' விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் க ச ட த ப ற வல்லினம் என்று படித்தோம். அது வெறும் இலக்கணம் இல்லை. 'க' சொல்ல அடிநாக்கு மேலே போய் ஒட்டி மூச்சை அடைக்கிறது. 'ப' சொல்ல இரண்டு உதடும் அடைக்கின்றன. எல்லாருக்கும் ஒரு கணம் அடைத்துத் திறந்துவிடும். உங்களுக்கு அடைத்த இடத்தில் இறுகிக்கொள்கிறது, நீங்கள் இன்னும் பலமாகத் தள்ளுகிறீர்கள், கதவு இன்னும் இறுகுகிறது. தள்ளுவதை நிறுத்துவதுதான் பயிற்சி. அடிநாக்கு தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், மூச்சு கொஞ்சம் கசியட்டும். 'க' கொஞ்சம் மழுங்கிக் கேட்டாலும் பரவாயில்லை. உயிரெழுத்தில் அடைப்பவர்களுக்குக் குரல்வளையே இறுகும். அவர்கள் மூச்சை முதலில் விட்டு அதன்மேல் குரலை ஏற்ற வேண்டும். இந்த முறையில் சரளம் சீக்கிரம் வரும். ஆனால் நெல்லை24 சொன்னதுபோல, அறைக்குள் வந்த சரளம் ரேஷன் கடையில் நிற்காது. வெளியே கொண்டுபோய்ப் பழகாத பயிற்சி பாதிப் பயிற்சிகூட இல்லை.

இன்னொரு முறை சார்லஸ் வான் ரைப்பர் உருவாக்கியது. அவரே திக்குவாய்க்காரர். திக்கவே கூடாது என்று போராடாமல் இறுக்கமில்லாமல் திக்கக் கற்றுக்கொள் என்பது அவருடைய வழி. முதலில், திக்கி முடித்த சொல்லுக்குப் பிறகு ஒரு நொடி நிறுத்தி, அதே சொல்லை இலேசாகத் திரும்பச் சொல்வது. அது பழகியபின், திக்கலின் நடுவிலேயே தள்ளுவதை விட்டு, இருக்கும் இடத்திலேயே தளர்ந்து வழுக்கி வெளியே வருவது. கடைசியாக, இந்தச் சொல்லில் மாட்டுவோம் என்று முன்பே தெரியும்போது அதைத் தளர்வாகவே தொடங்குவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எல்லாரும் மூன்றாவதிலிருந்து ஆரம்பித்து ஏமாறுகிறார்கள்.

ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறை என்றார். மற்றவர் காதில் விழுவது மேலே தெரியும் துண்டு மட்டும். நீங்கள் அரசரடியில் இறங்கி நடக்கிறீர்களே, அது தண்ணீருக்கு அடியில் இருப்பது. எனக்கு உங்கள் 'க'வைவிட அந்த நடைதான் கவலையாக இருக்கிறது.

எங்கே போவது: மதுரையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். மைசூரில் அகில இந்திய பேச்சு செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. திக்குவாய் உள்ளவர்களே சேர்ந்து நடத்தும் தி இண்டியன் ஸ்டாமரிங் அசோசியேஷனும் இருக்கிறது. கொள்ளிடக்கரை ஐயா, கோயிலுக்குப் போய் மனம் தெளிந்தால் நல்லதுதான். வசம்பும் கூழாங்கல்லும் மட்டும் வேண்டாம். கல் தொண்டைக்குள் போனால் பெரிய ஆபத்து.

வைகைக்கரை

மேடம், இதை மூன்று தடவை படித்தேன். தள்ளத் தள்ளக் கதவு இறுகும் என்பதை உட்கார்ந்து செய்து பார்த்தேன். உண்மைதான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தள்ளுகிறேன். இத்தனை வருடம் கவனித்ததே இல்லை. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். படித்துவிட்டு எதுவும் பேசாமல் கொடுத்துவிட்டார்.

ஆலமரத்தடி (கும்பகோணம்)

வயது 61. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பியின் அரசரடி நடையைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை.

நான் திக்குவாய்க்காரன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தேன். 'பணம்' வராது என்றால் 'தொகை' என்பேன். 'புதன்கிழமை' வராது என்றால் 'நாளை மறுநாள்' என்பேன். கிளையில் தொலைபேசி அடித்தால் உடனே ஏதாவது பேரேட்டை எடுத்துக்கொண்டு பெட்டக அறைக்குள் போய்விடுவேன். அதிகாரி பதவி உயர்வுத் தேர்வை மூன்று தடவை எழுதாமல் விட்டேன். நேர்காணல் இருந்தது காரணம். வீட்டில் மாற்றல் வரும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். மகள் பிறந்தபோது, என் தாயாரின் அம்மா பெயரான பார்வதியை வைக்க வேண்டும் என்று தாயார் ஆசைப்பட்டார். எனக்கு 'பா' வராது. தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டுமே என்று நினைத்து, பழைய பெயர், பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று சண்டை போட்டு வேறு பெயர் வைத்தேன். தாயார் அதை மனதில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். காரணத்தை அவரிடம் சொல்லவே இல்லை. மகளிடம் போன வருடம்தான் சொன்னேன். அவளுக்கு வயது 30.

பயிற்சி எல்லாம் அம்மையார் சொன்னதைக் கேள். என் பங்குக்கு ஒன்றுதான்: சொல்லை மாற்றாதே. திக்கினாலும் சொல்ல நினைத்த சொல்லையே சொல். மாற்று வழி ஒன்று கண்டுபிடித்தால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த தடவை அந்தச் சொல் இன்னும் பயமுறுத்தும்.

மழைமேகம் (திருப்பூர்)

ஆலமரத்தடி ஐயா, உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன்.

நான் பெண், வயது 29. திக்குவாயில் பெண்கள் குறைவு, நாலு ஆணுக்கு ஒரு பெண் என்பார்கள். அதனால் என்னைப் போல இன்னொருத்தியைப் பார்க்க எனக்கு 25 வயது ஆனது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டு கண்ணு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். தட்டை நீட்டினேன், சிரித்தேன், தலையை ஆட்டினேன். அடக்கமான பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று இரவு எனக்கு வந்த கோபம் அம்மா மேல் இல்லை. இப்படியே ஒப்புக்கொண்டால் ஆயுள் முழுக்கத் தலையாட்ட வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அவர் எண்ணை அப்பாவிடம் வாங்கிப் போன் செய்தேன். "எனக்குத் திக்கும், நேற்று அதனால்தான் பேசவில்லை" என்பதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. ஆனால் அடுத்து வந்தவர்களிடம் வாசலிலேயே நானே சொன்னேன். இப்போது என் கணவர் என் திக்கல் நடுவில் காபியை ஆற்றிக்கொண்டு நிதானமாகக் காத்திருப்பார்.

தம்பி, நேர்காணலில் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடு. மறைக்கும் வேலை போய்விட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நெல்லை24

அக்கா, கல்யாணத்துக்குச் சரி. வேலைக்கு இது ஒத்துவராது. போன் நேர்காணலில் நான் சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லை, திரும்ப அழைக்கிறோம்" என்றார்கள். அழைக்கவே இல்லை. சொன்னால் இரக்கம் கிடைக்கும், வேலை கிடைக்காது. வேலை கிடைக்கிறவரை மறைக்கத்தான் வேண்டும்.

தரமணி (சென்னை)

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன், எனக்குத் திக்கல் இல்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளாக நடப்பதைச் சொல்கிறேன்.

நெல்லை24 சொல்வது நடக்காத விஷயம் இல்லை. ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் மறைத்தால் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். கேள்வி கேட்கிறோம், எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார், வேறு பக்கம் பார்க்கிறார், மூன்று சொல்லில் பதிலை முடித்துக்கொள்கிறார். எங்கள் தாளில் 'பாடம் தெரியவில்லை', 'தன்னம்பிக்கை இல்லை' என்று விழுகிறது. திக்கல் என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தெரியவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் உட்கார்ந்ததும், "எனக்குத் திக்கும், சில சொல் வர நேரமாகும், நீங்கள் காத்திருந்தால் போதும்" என்றான். 20 நிமிட நேர்காணல் 35 நிமிடம் ஓடியது. அவன் எழுதிய நிரலில் ஒரு குறை இல்லை. எடுத்தோம்.

குழு விவாதத்துக்குத் தனி யோசனை. அது கூச்சலில் வாய்ப்பைப் பிடுங்கும் இடம், திக்குபவர்களுக்கு நியாயமே இல்லாத தேர்வு. உங்கள் வேலைவாய்ப்பு அலுவலரிடம் முன்கூட்டியே போய், விவாதத்தை நடத்துபவரிடம் சொல்லி எனக்கு ஒரு நிமிடம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அல்லது முதல் ஆளாக நானே தொடங்குகிறேன் என்று கையைத் தூக்குங்கள். தொடங்குபவரின் இடைவெளியில் புகுந்து பேச மற்றவர்கள் கொஞ்சம் கூசுவார்கள்.

பனைநிழல் (யாழ்ப்பாணம்)

ஆசிரியையாக இருக்கிறேன். என்ர வகுப்பில் ஒரு பெடியன் இடாப்புக் கூப்பிடும்போது எழும்பி நின்று வாயைத் திறந்துகொண்டே நிற்பான், பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் கனநாள் அவனுக்கு உதவி என்று நினைத்துக்கொண்டு அவனிடம் கேள்வி கேட்காமலே விட்டுவிட்டன். ஒருநாள் அவன் வந்து, "டீச்சர், எனக்கு விடை தெரியும், என்னை ஏன் கேட்கிறேல்ல?" என்றான். இந்தப் பதிவுகளை வாசித்தபிறகு அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகுது. இப்ப எல்லாருக்கும் பொதுவாக, கையை உயர்த்தினாலே வந்ததாகப் பதிவேன் என்று மாற்றிவிட்டன். கேள்வியை அவனிடமும் கேட்கிறன், அவன் கதைத்து முடிக்கும்வரைக்கும் வகுப்பு காத்திருக்கும்.

வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். சீட்டு வாங்கும் இடத்தில் "எதற்கு?" என்று கேட்டார்கள். "திக்குவாய்க்கு" என்று சொல்ல வேண்டும். 'தி'யில் மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுதிவிட்டார். வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து என்னைப் பேசச் சொன்னார் பயிற்சியாளர். நான் திக்கும்போது என் முகத்தை அன்றுதான் பார்த்தேன். கண் மூடுகிறது, இடது தோள் மேலே போகிறது, வலது கால் தரையைத் தட்டுகிறது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் பயந்த அளவுக்குக் கோரமாக இல்லை.

வீட்டுப் பாடம்: தினமும் பத்துப் போன். கடைகளுக்குக் கூப்பிட்டு எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்று கேட்க வேண்டும், திக்கினால் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் மூன்று பேர் "ஹலோ ஹலோ" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நாலாவது ஒரு சைக்கிள் கடைக்காரர். 'கடை' என்ற சொல் வர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை, அவர் "சொல்லுங்க தம்பி, இருக்கேன்" என்றார். அந்த 'இருக்கேன்' இன்னும் காதில் இருக்கிறது.

டீக்கடையில் வேண்டுமென்றே திக்கச் சொன்னார்கள். எனக்கு 'ஒரு' சுலபமாக வரும். "ஒ ஒ ஒ ஒரு டீ" என்று நானே திக்கினேன். மாஸ்டர் டீயைப் போட்டார், சில்லறை கொடுத்தார், அடுத்தவரைப் பார்த்தார். ஒன்றுமே நடக்கவில்லை. 18 வருடமாக எதற்குப் பயந்தேனோ அதை நானே வரவழைத்துப் பார்த்தேன், டீ மட்டும்தான் வந்தது.

ஒலிப்பயிற்சி

கண்ணாடியைத் தாண்டிவிட்டீர்கள், அதுதான் பலர் திரும்பிப் போகும் இடம். ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏதோ ஒரு வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தூக்கம் கெட்டாலோ, வீட்டில் பிரச்சினை என்றாலோ, சில சமயம் காரணமே இல்லாமலோ திக்கல் கூடும். பயிற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை, திக்கலின் சுபாவமே ஏறி இறங்குவது. அந்த வாரத்தில் போன் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள்.

ஆலமரத்தடி

இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1925இல் வெம்ப்ளியில் பேச முடியாமல் தவித்தவர். அடுத்த வருடத்திலிருந்து லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சி எடுத்தார். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி போர் அறிவிப்பு அன்று வானொலியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். மன்னருக்கும் அது முழுதாகப் போகவில்லை. உன் சைக்கிள் கடைக்காரரை நினைத்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம் தம்பி.

வைகைக்கரை (ஏழு வாரம் கழித்து)

நேற்று அடுத்த கம்பெனி வந்தது. மேடம் சொன்ன கெட்ட வாரம் சரியாக அதற்கு முந்தின வாரமே வந்தது. வேண்டாம், போகவே வேண்டாம் என்று இருந்தேன். அப்பாதான் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, "எவ்வளவு நேரம் ஆனாலும் நீ சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வா" என்றார். 'மெதுவாகப் பேசு' என்று சொல்லவில்லை.

தரமணி அக்கா சொன்னபடி அலுவலரிடம் முன்பே பேசியிருந்தேன். குழு விவாதத்தில் முதலில் கையைத் தூக்கினேன். "எனக்குத் திக்கும், முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். ஆறு தடவை மாட்டினேன், எண்ணிக்கொண்டேன். இரண்டில் தளர்ந்து வெளியே வந்தேன், நாலில் பழையபடி தள்ளிவிட்டேன். யாரும் குறுக்கே வரவில்லை. அடுத்த சுற்றுக்கு என் பெயரை வாசித்தார்கள்.

தொழில்நுட்ப நேர்காணலில் வெப்ப இயக்கவியலில் இரண்டு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விடை தெரியாமல் ஒரு வாய்ப்பு போனது இதுதான் முதல் தடவை. அந்தப் பாடத்தை இன்று காலை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி இருக்கிறது.

நெல்லை24

தம்பி, மறைக்கச் சொன்னது நான்தான். உனக்கு நான் சொன்னது தப்பு. எனக்கு இன்னும் வெளியே சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே எழுதுவதோடு நிற்கிறது.

வைகைக்கரை

அண்ணா, நீங்கள் அந்த முகாம் கதையைச் சொல்லாவிட்டால் நானும் பணத்தைக் கட்டியிருப்பேன், விளம்பரத்தைக் குறித்து வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னோடு பயிற்சிக்கு வரும் இரண்டு பேரும் நானும் சேர்ந்து வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குக் காந்தி மியூசியத்தில் சந்திக்கிறோம். மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவது, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பது, வேறு ஒன்றும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து காலை வண்டி ஏறினால் வந்துவிடலாம் அண்ணா. மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடியுங்கள். 'காந்தி மியூசியம்' என்று நீங்களே சொல்லி டிக்கெட் எடுங்கள். எனக்கும் அதே 'க'தான். நான் காளவாசலிலிருந்து வருவேன்.